நின்றால் மட்டும் வரும் நோய்

மே மாதம், ஓரகடம், உலைக்கு நான்கடி தூரம். அங்கே நின்று வேலை செய்தும் ஒரு சொட்டு வியர்வை வராத ஆள் நான் ஒருவன்தான்.

எங்கள் கம்பெனியில் கார்களுக்குப் பல்சக்கரங்கள் செய்கிறோம். அவற்றை உலையில் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் இறக்கி, இறுக வைக்கும் பிரிவில் நான் இருந்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும். என் சட்டை மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. "தசரதன் உள்ளுக்குள்ள ஏசி போட்டுகினுகீறான்பா" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். உண்மையைச் சொன்னால், இரண்டு மூன்று நாட்கள் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இதை எழுத உட்காரும்போது கை பரபரக்கிறது. நம்மைக் கேட்காமலே நாள் முழுவதும் நம் உடம்புக்குள் எத்தனை வேலைகள் நடக்கின்றன என்பது, அவை ஒவ்வொன்றாக நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவை திரும்பி வந்ததையும் நானே பார்த்தேன். அந்த இரண்டாம் பகுதியைச் சொல்லத்தான் இத்தனை அவசரம். ஆனால் முதலில் இருந்தே சொன்னால்தான் புரியும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. மாத்திரையில் போய்விட்டது. அதன் பிறகு வாய் காயத் தொடங்கியது. சோற்றை எவ்வளவு மென்றாலும் மணல் மாதிரியே இருந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் வெயில் கண்ணைக் குத்தியது. கூலிங் கிளாஸ் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மலம் நான்கு நாளைக்கு ஒருமுறை. சிறுநீர் கழிக்கப் போனால் வரும் வரும் என்று நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சூடு என்றேன், மாத்திரை என்றேன், கேண்டீன் சாப்பாடு என்றேன். இதையெல்லாம் வெளியே சொல்லவும் கூச்சமாக இருந்தது.

முதல்முறை விழுந்தது காலை ஷிப்ட் தொடங்கும்போது. எல்லோரும் வரிசையாக நின்று சூப்பர்வைசர் சொல்வதைக் கேட்கும் பத்து நிமிடக் கூட்டம் அது. மூன்றாவது நிமிடத்தில் பிடரியில் யாரோ கனமாகத் தொங்குவதுபோல் ஒரு வலி. காது அடைத்தது. எதிரில் இருந்த மஞ்சள் கோடு சாம்பலாக மாறியது. கண் விழித்தபோது முதலுதவி அறைக் கட்டிலில் கிடந்தேன். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்.

"நூத்து இருபது. நல்லா இருக்கு. காலைல சாப்டீங்களா அண்ணா?"

சாப்பிட்டிருந்தேன். எழுந்து நடந்தேன், கதவருகே மறுபடியும் விழுந்தேன். படுக்க வைத்துப் பார்த்தார். நூற்று இருபது.

அடுத்த மூன்று வாரங்களில் எத்தனை முறை விழுந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்காக நிற்கும்போது, சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தபோது. நான்கு டாக்டர்களிடம் போனோம். ஒருவர் சத்துக் குறைவு என்று குளுக்கோஸ் ஏற்றினார். ஒருவர் வயிற்றில் கேஸ் என்றார். தலை ஸ்கேன் எடுத்தார்கள், இதயத்தையும் படம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். நான்காவது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "மனசுல ஏதாவது டென்ஷனா? வேலை பிடிக்கலையா?" என்று கேட்டார். சூப்பர்வைசர் அந்த அளவுக்குக்கூட நாகரிகம் பார்க்கவில்லை. "ஓவர்டைம் குடுக்கலன்னு டிராமா போடுறியா தசரதா?" என்றார்.

கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் எதையோ செய்கிறேனோ? எனக்குத் தெரியாமல் நடிக்கிறேனோ?

அந்தச் சந்தேகம் கொஞ்சமும் இல்லாத ஒரே ஆள் என் மனைவி பேச்சியம்மாள். அவள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். பக்கத்துக் கம்பெனியில் வயர் கட்டுகளைச் சோதிக்கும் தரப் பிரிவில் இருக்கிறாள். வயரில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடியே பழகிய ஆள். நான் விழுகிற ஒவ்வொரு தடவையும் மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்: என்ன நேரம், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை நிமிடத்தில் தெளிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு பாத்தீகளா? நீங்க படுத்திருந்து ஒருநாளும் மயங்கல. உக்காந்திருந்து ரெண்டே ரெண்டு தடவ. மிச்சமெல்லாம் நிக்கும்போதுதான்."

"அதுக்கு இன்னா இப்போ?"

"டாக்டர்மாரு அத்தன பேரும் படுக்க வச்சுத்தான பிரஷர் பாத்தாக. நிக்க வச்சு யாராவது பாத்தாகளா?"

பேசிக்கொண்டே என் முதுகில் கை வைத்தாள். சட்டென்று எடுத்தாள். காய்ந்த தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள். நோட்டில் இன்னொரு வரி எழுதினாள்: வேர்வை இல்லை.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனோம். அங்கே நர்ஸிடம் பேச்சி கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். முதலில் படுக்க வைத்துப் பாருங்கள். பிறகு நான் இவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறேன், நிற்க வைத்துப் பாருங்கள். நர்ஸுக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. ஆனாலும் செய்தார். படுத்திருக்கையில் நூற்று இருபது. நின்ற பிறகு மிஷின் புஸ் புஸ் என்று இரண்டு முறை ஊதிவிட்டு அறுபத்தெட்டு காட்டியது.

"மிஷின் ரிப்பேர் போல" என்று வேறொன்றைக் கொண்டுவந்தார் நர்ஸ். அது அறுபத்திரண்டு காட்டியது. அதைப் பார்த்த ஞாபகத்தோடு நான் பேச்சியின் தோளில் சரிந்தேன்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவளோ நோட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இரண்டு எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. "டிராமான்னு சொன்னாகல்ல. இதக் கொண்டுபோயி காட்டுங்க" என்றாள். அங்கிருந்த டியூட்டி டாக்டர் நல்ல மனிதர். தனக்கு இது தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, சென்னையில் பெரிய அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

என் அண்ணன் ஏகாம்பரம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சென்னைக்குக் கிளம்பிய அன்று காலை சவாரியை விட்டுவிட்டு வந்தார். பின் சீட்டில் பாயை விரித்து, நான் படுத்தபடியே வர இரண்டு தலையணைகளை என் காலுக்கு அடியில் வைத்தார். தலைக்கு ஒன்றும் வைக்கவில்லை. "கால் மேல இருந்தாத்தான் உனக்கு தெளிவா கீதுன்னு பேச்சி சொல்லிச்சு" என்றார். பள்ளம் வந்த இடமெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். மகளை அண்ணி தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டும். என் நோயே நிற்க முடியாததுதான். நான் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். பின்னால் இருந்தவர் திட்டினார். பேச்சி அவரிடம் நோட்டைக் காட்டினாள். அவர் படித்தாரோ என்னவோ, தன் கையிலிருந்த மடக்கு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அவருக்கே முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது.

நரம்பியல் டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கண்ணில் டார்ச் அடித்தார். அடித்தார், எடுத்தார், மறுபடியும் அடித்தார். வெளிச்சம் பட்டால் எல்லோருடைய கண்மணியும் சுருங்கும். என்னுடையது அகலத் திறந்தபடியே இருந்ததாம். நாக்கை நீட்டச் சொன்னார், அக்குளில் கை வைத்துப் பார்த்தார், வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு பேச்சியின் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான்தான் மேடம்."

"என் ஸ்டூடண்ட்ஸ் எழுதுறதை விட நல்லா இருக்கு."

அவர் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து நான்கு மாணவர்களைக் கூப்பிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் நோய் இவருக்குக் கொண்டாட்டமா என்று. ஆனால் அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க நடிக்கல. உங்க மனசுலயும் ஒண்ணும் இல்ல. இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு" என்று சொன்னார். அந்தத் துள்ளல் என்னையும் தொற்றிக்கொண்டது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு டாக்டர் என் நோயைத் தெரியும் என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

கையைத் தூக்க வேண்டும் என்றால் நாம் நினைக்கிறோம், கை உயர்கிறது. ஆனால் எழுந்து நிற்கும்போது ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிடாமல் ரத்தக் குழாய்களை யார் இறுக்கிப் பிடிப்பது? நாம் சொல்வதில்லை. சாப்பிட்டதைக் குடலில் யார் தள்ளுகிறார்கள்? வெயிலில் யார் வியர்வையைத் திறந்துவிடுகிறார்கள்? எச்சில், கண்ணீர், சிறுநீர்ப்பை, இதயத்தின் வேகம், கண்மணியின் அளவு எல்லாவற்றையும் கவனிக்கத் தனியாக ஒரு நரம்பு மண்டலம் இருக்கிறது. தானியங்கு நரம்பு மண்டலம் என்று பெயர். அதில் இரண்டு பகுதிகள். ஒன்று உடம்பை உழைப்புக்குத் தயார் செய்யும். மற்றது ஓய்வுக்கும் செரிமானத்துக்கும்.

"பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு" என்றாள் பேச்சி. டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பன்னெண்டாவதுல படிச்சோம் மேடம். ரெண்டு மார்க் கேள்வி."

இரண்டு பகுதிகளுமே வழியில் நரம்பு முடிச்சுகள் வழியாகத்தான் போகின்றனவாம். தொழிற்சாலையில் வயர்களெல்லாம் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வழியாகப் போவது மாதிரி. காய்ச்சல் கிருமியை அடிக்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள்கள், ஆள் மாறி, அந்த முடிச்சுகளைப் போய் அடைத்துக்கொண்டிருக்கலாம் என்றார் டாக்டர். அதனால்தான் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் தெரிந்த அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. கையும் காலும் மூளையும் நன்றாகவே இருந்தன. மிக அபூர்வமான நோய். ஆகவே நான்கு டாக்டர்களுக்கும் தெரியாததில் பெரிய தப்பில்லை என்றும் சொன்னார். நிற்க வைத்துப் பார்க்காததுதான் தப்பு.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். ரத்தத்தை எங்கோ தூரத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும். அதற்குள் இங்கேயே செய்யக்கூடிய சோதனைகள் தொடங்கின. ஒரு மேசையில் என்னைப் படுக்க வைத்துப் பட்டைகளால் கட்டி, மேசையை மெல்ல நிமிர்த்தினார்கள். பாதி நிமிர்வதற்குள் பிரஷர் சரிந்தது. அதைவிட விசித்திரம் நாடித் துடிப்பு. பிரஷர் இறங்கினால் யாருக்கும் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்குமாம். என்னுடையது கடிகாரம்போல் அதே எழுபத்திரண்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் வார்டே கூடிப் பார்த்தது வியர்வைச் சோதனையைத்தான். அதற்குக் கடையில் போய் ஒரு பாக்கெட் சோள மாவு வாங்கிவரச் சொன்னார் டாக்டர். பேச்சி இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு போய் வாங்கி வந்தாள். என் உடம்பு முழுவதும் பழுப்பு நிற அயோடின் பூசினார்கள். காய்ந்ததும் சோள மாவைத் தூவினார்கள். பிறகு சூடான விளக்குகளுக்கு அடியில் படுக்க வைத்தார்கள். வியர்வை பட்ட இடத்தில் மாவும் அயோடினும் சேர்ந்து கருநீலமாக மாறும். முக்கால் மணி நேரம் ஆனது. உடம்பு சூடேறிக்கொண்டே போனது. நான் மஞ்சள் கொழுக்கட்டை மாதிரி அப்படியே கிடந்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

வித்தியாசம் காட்டுவதற்காக அண்ணனின் கையிலும் பூசியிருந்தார்கள். இரண்டே நிமிடத்தில் உள்ளங்கை முதல் முழங்கை வரை கருநீலமாகிவிட்டது. அண்ணன் அதிர்ந்துபோய் கையை உடம்பிலிருந்து தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், இன்னா மேடம் இது? எனக்கும் ஒட்டிகிச்சா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. நீங்கதான் சரியா இருக்கீங்க."

"பயத்துல வேர்த்துச்சு மேடம், வெய்யில்ல இல்ல" என்றார் அண்ணன். விளக்குச் சூட்டில் கிடந்த நான்கூடச் சிரித்துவிட்டேன்.

இனி வருவது சிரிக்கிற பகுதி இல்லை. வைத்தியம் தொடங்குவதற்கு முன்பே குடல் முழுவதுமாக நின்றுவிட்டது. வயிறு பானைபோல் உப்பியது. குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. மூக்கு வழியாக ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். ஒருநாள் சாயங்காலம் வாய் கொப்பளிக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். அவ்வளவுதான், நினைவு போய்விட்டது. இந்த முறை சீக்கிரம் திரும்பவில்லை. கட்டிலைத் தாழ்த்தும் பிடி சிக்கிக்கொண்டதாம். பேச்சி என் இரண்டு கால்களையும் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, நர்ஸ் வரும்வரை அப்படியே நின்றிருக்கிறாள். நான் கண் விழித்தபோது என் பாதங்கள் அவள் காதுகளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தன.

"போயிடுவேனோ பேச்சி?" என்று கேட்டேன்.

"போறதா இருந்தா என் தோள்லருந்து எறங்கித்தான் போகணும். நான் எறக்க மாட்டேன்" என்றாள்.

ரத்த முடிவுக்காகக் காத்திருக்க முடியாது என்று டாக்டர் முடிவெடுத்தார். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை. ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, அதிலிருக்கும் மஞ்சள் நீரைப் பிரித்து நீக்கிவிட்டு, அணுக்களை வேறு நல்ல நீரோடு சேர்த்துத் திரும்ப ஏற்றுவது. தவறாக வேலை செய்யும் எதிர்ப்புப் பொருள்கள் அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. என்னைப்போல் பிரஷர் நிலையில்லாத ஆளுக்கு அதில் ஆபத்தும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். கையெழுத்துப் போட்டபோது பேச்சியின் பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

ரத்தம் தானம் செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். அண்ணன் யாருக்கோ போன் செய்தார். மறுநாள் காலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாண்டிலிருந்து பதினோரு ஷேர் ஆட்டோ டிரைவர்கள் காக்கிச் சட்டையோடு வந்து ரத்த வங்கி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்களில் மூன்று பேரைத்தான் தெரியும். வார்டுக்குள் வந்து எட்டிப் பார்த்த ஒருவர், "ஏகாம்பரம் தம்பின்னா எங்களுக்கும் தம்பிதான். நீ எயுந்து வா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிமிடம் அழவேண்டும்போல் இருந்தது. கண்ணில்தான் தண்ணீர் வரவில்லை. அதுவும் அந்த நரம்புகளின் வேலைதானே.

முதல் தடவை முடிந்தது, மாற்றமில்லை. இரண்டாவது முடிந்தது, மாற்றமில்லை. மூன்றாவது முடிந்த மறுநாள் மத்தியானம், பக்கத்துக் கட்டில்காரர் தயிர்ச் சோற்றுக்கு எலுமிச்சை ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார். அந்த வாசனை வந்தது. என் நாக்குக்கு அடியில் எதுவோ கூசியது. வாய்க்குள் ஈரம்.

என்னவென்று உடனே புரியவில்லை. விழுங்கினேன். மறுபடியும் ஊறியது. பேச்சியின் கையைப் பிடித்து இழுத்தேன். மூக்குக் குழாயோடு பேசுவது கஷ்டம். "ஊறுது" என்றேன்.

"எது ஊறுது?"

"வாய்."

அவள் என் வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தாள். பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் எச்சில் மின்னியது என்றாள். தங்க நகையைப் பார்த்தவள் மாதிரி சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் விஷயம் தெரிந்ததும் ஊறுகாய்ப் பாக்கெட்டை என் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தன் சோற்றை வெறுமனே சாப்பிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு திருவிழா. நான்காவது தடவைக்குப் பிறகு டாக்டர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. காதிலிருந்து எடுத்துப் பேச்சியின் காதில் மாட்டிவிட்டார். "கேளுங்க." பேச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "மேடம், தண்ணி கொடத்த கவுத்த மாதிரி சத்தம் வருது." குடல் நகரத் தொடங்கியிருந்தது. அண்ணன் தானும் கேட்க வேண்டும் என்று அடம் பிடித்தார். அவர் கேட்டுவிட்டு, "நல்லா ஓடிகினு கீது மேடம், இன்ஜின் செட்டாயிடுச்சு" என்று டாக்டருக்கே சான்றிதழ் கொடுத்தார். இரண்டு நாளில் மூக்குக் குழாயை எடுத்தார்கள். கஞ்சி உள்ளே போய், உள்ளேயே தங்கியது.

ஐந்தாவது தடவையும் முடிந்து இரண்டு நாள் கழித்து, மின்விசிறி நின்றிருந்த ஒரு காலை நேரம். பேச்சி என் முகத்தைத் துடைக்க ஈரத்துணியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள். துணியைக் கீழே வைத்துவிட்டு, விரலால் என் மேலுதட்டைத் தொட்டாள். விரலைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள்.

அடுத்த நொடி செருப்புக்கூடப் போடாமல் டாக்டரைத் தேடி ஓடினாள். மீதமிருந்த சோள மாவு என் அலமாரியிலேயே இருந்தது. டாக்டர் அங்கேயே, கட்டிலிலேயே என் நெற்றியிலும் கைகளிலும் அயோடினைப் பூசி மாவைத் தூவினார். மாணவர்கள், நர்ஸுகள், நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதல் புள்ளி வலது உள்ளங்கையில் வந்தது. கடுகளவு. பிறகு இன்னொன்று. பிறகு நெற்றியில் மூன்று. யாரோ எண்ணத் தொடங்கினார்கள். இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. கை தட்டினார்கள். ஒரு மனுஷனுக்கு வேர்த்ததற்காக ஒரு வார்டே கை தட்டியதை நான் அங்கேதான் பார்த்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ரத்த முடிவு அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டதேதான்.

எல்லாமே பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னவை இன்றும் நடக்கின்றன. எழுவதற்கு முன்னால் இரண்டு குவளை தண்ணீர். உணவில் உப்புக் கூடுதல். இது என் பிரஷருக்காகச் சொன்னது, மற்றவர்கள் பின்பற்ற வேண்டாம். தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை. படுக்கையிலிருந்து நேராக எழாமல், உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு நிற்பது. படுத்திருக்கும்போது பிரஷர் ஏறிவிடாமல் இருக்கக் கட்டிலின் தலைப்பக்கம் சற்று உயர வேண்டும் என்றதும் அண்ணன் இரண்டு சிமெண்டுக் கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். மாத்திரைகள் உண்டு. வெயிலில் இன்னமும் கண் கூசுகிறது. கம்பெனியில் கருவி அறைக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. சூப்பர்வைசர் டாக்டரின் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அதற்குமேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

உங்களில் யாருக்காவது நின்றால் தலை சுற்றுகிறது, படுத்தால் சரியாகிறது என்றால், தயவுசெய்து நிற்க வைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டதில் ஒரு மாதம் போயிற்று.

கடைசியாக ஒன்று. வீடு திரும்பி இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்காக சென்னைக்குப் போயிருந்தோம். திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலைவிட்டு இறங்கி, அண்ணனின் ஆட்டோவில் ஏறினோம். ஷிப்டுக்குப் போகும் நான்கைந்து பேரும் இருந்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் பேச்சி. ஓரகடம் நெருங்கும்போது சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன்கூட அடிக்காமல் சட்டென்று வளைந்து ஏறியது. அதன் பின்சக்கரம் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் உருண்டது. அண்ணன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, போன லாரியைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். பிறகு திரும்பினார்.

"இன்னாடா, அடி கிடி பட்டுச்சா?"

நெஞ்சு தடதடவென்று அடித்தது. கையில் மயிர்க்கால் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றது. உள்ளங்கை ஈரமாகிவிட்டது. வயிற்றில் ஏதோ இறங்கியது. நான் ஒன்றுமே சொல்லாமல், ஒன்றுமே நினைக்காமல், அத்தனையும் தானாகவே நடந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் சாவை நினைத்தபோதெல்லாம் நெஞ்சு கல்லுமாதிரி கிடந்தது ஏன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பயந்துகினு ஏண்டா சிரிக்கிற?" என்றார் அண்ணன்.

பேச்சி வேர்த்து ஒட்டிய என் சட்டைமேல் கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"அத்தான், வண்டிய எடுங்க. அவுக நல்லா இருக்காக" என்றாள் அண்ணனிடம்.